கல்லூரி ஆசிரியர்களும் பதிப்புரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் நூலக மேசைக்கு வரும் ஆசிரியர்கள் புத்தகம் கேட்பதைவிட, கையில் இருக்கும் புத்தகத்தை என்னவெல்லாம் செய்யலாம் என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அதே சந்தேகங்கள் ஆண்டுதோறும் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். பதில்கள் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐயும் அதன் 2012 திருத்தத்தையும் ஒட்டியவை. நூலகர் சொல்வது சட்ட ஆலோசனை ஆகாது. பெரிய பணமோ வழக்கோ சம்பந்தப்பட்டிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

"பாடம் நடத்தத்தானே எடுக்கிறேன், காசா பார்க்கிறேன்? இதில் பதிப்புரிமை எங்கே வந்தது?"

காசு வாங்கவில்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஒரு நாவலை முழுக்க ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறவரும் காசு பார்ப்பதில்லை. ஆனாலும் அது மீறல்தான். உங்களைக் காப்பாற்றுவது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எதெல்லாம் மீறல் ஆகாது என்று அது பட்டியல் போடுகிறது. அதில் 'ஐ' (i) உட்பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பது மீறல் ஆகாது என்கிறது. இதைக் கீழே 'கற்பித்தல் விலக்கு' என்று குறிப்பிடுகிறேன்.

அதே பிரிவின் 'ஏ' (a) உட்பிரிவில் இன்னொன்று இருக்கிறது: நியாயமான கையாளல். ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். வகுப்பில் நிற்கும்போது உங்களுக்கு முதலாவது உதவும். ஆய்வுக் கட்டுரை எழுத உட்காரும்போது இரண்டாவது. ஒன்றின் சலுகையை மற்றதில் எதிர்பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

"பத்து சதவீதம் வரைக்கும் ஜெராக்ஸ் எடுக்கலாம்னு சொல்றாங்களே, சரியா?"

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது. இந்தப் பத்து, அமெரிக்காவில் 1976-இல் வகுப்பறை நகலுக்காக எழுதப்பட்ட வழிகாட்டுதல்களிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அங்கேயும் அது வழிகாட்டுதல்தான், சட்ட வரம்பு இல்லை. அமெரிக்காவின் நியாயப் பயன்பாட்டு விதி எந்த நோக்கத்துக்கும் திறந்தது. நான்கு அளவுகோல்களை வைத்து நீதிமன்றம் எடைபோடும். நம் சட்டம் பட்டியலில் உள்ள நோக்கங்களுக்கு மட்டும்தான் இடம் தருகிறது. அங்கிருந்து வரும் ஆலோசனைகளை அப்படியே இங்கே பின்பற்றாதீர்கள்.

நமக்கு வழிகாட்டுவது டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை, ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களை நகலெடுத்து, பாடத்தொகுப்பாகப் பிணைத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, சில உண்மைகளை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டத்தைத் தெளிவாகச் சொன்னது: அளவுக்குப் பக்க வரம்பு கிடையாது, கற்பித்தலின் நோக்கத்துக்குத் தேவைதானா என்பதுதான் கேள்வி. கற்பித்தல் என்பது வகுப்பறையின் நான்கு சுவருக்குள் முடிவதில்லை என்றும் சொன்னது. கடைக்காரர் நகலெடுத்துக் கொடுத்ததாலும் விலக்கு போய்விடவில்லை. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின; நகல் உரிமை அமைப்பு ஒன்று செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டெல்லித் தீர்ப்பு மற்ற மாநில உயர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதற்கு இருக்கும் மதிப்பு சாதாரணமில்லை.

"அப்போ முழுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்துடலாமா, சார்?"

அவசரப்படாதீர்கள். விசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட விஷயங்களில் முழுப் புத்தக நகலும் ஒன்று. சிலபஸில் மூன்றாவது அத்தியாயம் மட்டும் இருக்க, முழுப் புத்தகத்தையும் நகலெடுத்தால் 'நோக்கத்துக்குத் தேவை' என்று எதைச் சொல்வீர்கள்? அதுவும் கடையில் நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தியப் பதிப்பாக இருந்தால் இன்னும் கஷ்டம். என் யோசனை: பாடத்திட்டத்தில் எந்த அலகுக்கு எந்தப் பக்கங்கள் என்று எழுத்தில் வைத்திருங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

"புத்தகம் எங்கேயும் விற்பனைக்கே இல்லை. நூலகத்துக்காக ஒரு பிரதி எடுத்து வைக்கலாமா?"

இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமற்ற பொது நூலகத்தின் பொறுப்பாளர் நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். மறுபதிப்பே காணாத தமிழ் ஆய்வு நூல்களுக்கு இது வரப்பிரசாதம். கல்லூரி நூலகம் 'பொது நூலகம்' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது. வெளி ஆய்வாளர்களையும் உள்ளே விடும் நூலகம் என்றால் உங்கள் வாதம் பலமாக இருக்கும்.

"கூகுள்ல கிடைச்ச படத்தை பிபிடியில் போடலாம்தானே?"

வகுப்பில் காட்ட, போடலாம். கற்பித்தல் விலக்கு படத்துக்கும் உண்டு. அதே பிபிடியைக் கருத்தரங்கில் காட்டினாலோ தளத்தில் ஏற்றினாலோ அந்த விலக்கு உங்களோடு வராது. அங்கே நீங்கள் அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது பேசுகிறீர்களா, அல்லது ஸ்லைடு வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒட்டினீர்களா என்று பாருங்கள். முதலாவது விமர்சனம், இரண்டாவது அலங்காரம்.

புள்ளிவிவரத்துக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆகவே ஒரு நூலில் உள்ள எண்களை எடுத்து நீங்களே வரைபடம் போட்டுவிட்டால் தீர்ந்தது. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கீழே எழுதிவிடுங்கள்.

"கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் போடுகிறோமே, அது தப்பா?"

அந்தப் பாடத்தை எடுத்திருக்கும் மாணவர்கள் மட்டும் உள்ள குழு, பாடத்துக்கு வேண்டிய அத்தியாயம் என்றால் ஜெராக்ஸுக்குச் சொன்னதேதான் இதற்கும். சிக்கல் குழுவின் பெயரில் இல்லை, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பழைய மாணவர்கள், பக்கத்துக் கல்லூரி நண்பர்கள், போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் என ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் சேனலில் ஒருவர் பாடநூலின் முழு பிடிஎஃப்-ஐப் போட்டுவிட்டு 'கல்விக்காக' என்று ஒரு வரி எழுதினால், அந்த வரி எதையும் மாற்றாது.

சந்தா செலுத்திய தரவுத்தளத்தின் கட்டுரை என்றால் பிடிஎஃப்-க்குப் பதிலாக இணைப்பைக் கொடுங்கள். வளாக இணையத்தில் இருக்கும் மாணவருக்குத் திறக்கும், பதிவிறக்கக் கணக்கும் நூலகத்துக்கு வந்து சேரும். அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நிர்வாகத்திடம் போய் நிற்கும்போது எங்களுக்கு அந்தக் கணக்குதான் ஆயுதம்.

"என் வகுப்பை ரெக்கார்டு பண்ணி யூடியூபில் போட்டேன். நோட்டீஸ் வந்துடுச்சு. நான் டீச்சர்தானே?"

நீங்கள் ஆசிரியர்தான், பார்க்கிறவர்கள் உங்கள் மாணவர்கள் இல்லை. உலகம் முழுக்கத் திறந்திருக்கும் காணொளி 'கற்பித்தலின் போக்கில்' வருகிறது என்று வாதாடலாம், ஆனால் அது பலவீனமான வாதம். போதாததற்கு யூடியூபின் தானியங்கி இயந்திரம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை. பாட்டையும் படக்காட்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து உரிமையாளருக்குச் சொல்லும், அவ்வளவுதான். திரைப்பாடல் யாப்பை விளக்க நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்தி விளக்கியிருந்தால், விமர்சனம் என்று சொல்லி மறுப்புத் தெரிவியுங்கள். பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். வகுப்புக்கு மட்டுமான பதிவுகளைக் கல்லூரியின் உள்நுழைவு கேட்கும் தளத்தில் வைப்பது நல்லது.

"கேள்வித்தாளில் ஒரு கவிதையை முழுசாகப் போடலாமா?"

போடலாம். தேர்வு வினாவின் பகுதியாகவும் அதற்கான விடையிலும் நகலெடுப்பதைச் சட்டம் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அந்த வினாத்தாள்களைத் தொகுத்து ஒருவர் 'கைடு' போட்டு விற்றால் அது வேறு கதை. வினாத்தாளுக்கும் தனியாகப் பதிப்புரிமை உண்டு.

"ஃபிலிம் கிளப்பில் படம் போடணும். லைசென்ஸ் வாங்கணுமா?"

பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால், கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாகப் படம் திரையிடுவது மீறல் ஆகாது. கலை விழாவில் மாணவர்கள் நாடகம் போடுவதற்கும் இதே உட்பிரிவில் இடம் உண்டு. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டி நுழைவுச்சீட்டு விற்றால் அந்த வட்டம் உடைந்துவிடும்.

ஓடிடி கணக்கிலிருந்து போடுவதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சட்டம் விட்டாலும், நீங்கள் 'சம்மதம்' அழுத்திய சந்தா விதிமுறை வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருக்கலாம். அது ஒப்பந்தச் சிக்கல். டிவிடி இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

"எழுத்தாளர் இறந்துட்டார். இனி யார் வேணா எடுத்துக்கலாமா?"

இறந்த அடுத்த ஆண்டின் ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள் எண்ணுங்கள். கல்கி 1954-இல் மறைந்தார். 2014 டிசம்பர் 31-உடன் உரிமை முடிந்தது. பாரதிதாசன் 1964-இல் மறைந்தார். கணக்கு 2024 டிசம்பர் 31 வரை. தமிழ்நாட்டில் இதற்கு முன்னாலேயே கதவைத் திறக்கும் வழி ஒன்று உண்டு: அரசு, எழுத்தாளரின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. இந்த இருவர் எழுத்தும் அறுபதாண்டுக் கணக்கு முடியுமுன்பே அப்படி ஆனவைதான். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம்.

'சங்க இலக்கியத்துக்கு ஏது பதிப்புரிமை' என்பது பாதி உண்மை. மூலப் பாட்டுக்குக் கிடையாது. நேற்று ஒருவர் எழுதிய உரைக்கும் பதவுரைக்கும் முன்னுரைக்கும் உண்டு. பாட்டை எடுங்கள், உரையை நீங்களே எழுதுங்கள். அல்லது காலம் கடந்த உரையை எடுங்கள். உ.வே.சா. 1942-இல் மறைந்தார் என்பதால் அவர் எழுதிய குறிப்புரைகளுக்குத் தடை இல்லை. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் அவற்றோடு சேர்த்த குறிப்புகளை மட்டும் விலக்கிவிடுங்கள்.

"பகுதி ஒன்று தமிழுக்கு நாங்களே பாடநூல் போடுகிறோம். சிறுகதைகளைச் சேர்க்க யாரைக் கேட்கணும்?"

தன்னாட்சிக் கல்லூரிகளில் வருடா வருடம் வரும் கேள்வி. ரொம்பவும் அலட்சியமாகக் கையாளப்படுவதும் இதுதான். வகுப்புக்கு நகலெடுத்துக் கொடுப்பது வேறு, ஐஎஸ்பிஎன் போட்டு, விலை அச்சிட்டு நூலாக வெளியிடுவது வேறு. வெளியீட்டுக்கு 52-ஆம் பிரிவின் 'எச்' (h) உட்பிரிவுதான் பொருந்தும், அதன் நிபந்தனைகள் கறாரானவை. தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். உரிமை உள்ள படைப்பிலிருந்து எடுப்பது சிறு பகுதியாக இருக்க வேண்டும். எடுக்கும் மூலநூல் பாடநூலாக எழுதப்பட்டதாக இருக்கக் கூடாது. ஒரே எழுத்தாளரின் படைப்புகளிலிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுகளில் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. வாழும் எழுத்தாளர் ஆறு பேரின் ஆறு முழுக்கதைகள் உள்ள தொகுப்பு இதற்குள் வராது.

ஆகவே கேட்டுவிடுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்: 'உங்கள் இன்ன சிறுகதையை எங்கள் கல்லூரியின் முதலாம் ஆண்டுப் பாடநூலில் மூன்று கல்வியாண்டுகளுக்கு, 1,500 படிகள் வரை அச்சிட அனுமதி வேண்டுகிறோம். கதையில் மாற்றமோ சுருக்கமோ செய்ய மாட்டோம். மதிப்பூதியம் இவ்வளவு, இரண்டு படிகள் அனுப்பி வைப்போம்.' மாற்ற மாட்டோம் என்ற வரி முக்கியம். தன் படைப்பைச் சிதைத்துத் தன் நற்பெயருக்குக் கேடு செய்தால் எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையையே விற்றுவிட்ட எழுத்தாளருக்கும் 57-ஆம் பிரிவின்படி மிஞ்சுகிறது. 'மாணவர்களுக்கு ஏற்றபடி' ஒரு பத்தியை உருவிவிட்டு அச்சிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது, எழுத்தாளரிடமா பதிப்பகத்திடமா? உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். தமிழில் வாய்மொழியாகவே ஓடும் நூல்கள் ஏராளம். அவற்றுக்கு உரிமை எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோதான் இருக்கும். முதலில் எழுத்தாளரைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை; தன் கதை பாடமானதை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொள்வதுதான் அவர்களுக்குக் கோபம்.

"அடிக்குறிப்பு கொடுத்துட்டேனே, அது போதாதா?"

அடிக்குறிப்பு கருத்துத் திருட்டு என்ற பழியிலிருந்து காக்கும். அனுமதிக்கு அது ஈடாகாது. கம்பனின் பாட்டைத் தன் பாட்டாகக் காட்டினால் கருத்துத் திருட்டு, பதிப்புரிமை மீறல் இல்லை. ஒருவருடைய நாவலின் பாதியை அவர் பெயர் சொல்லி அச்சிட்டால் மீறல், கருத்துத் திருட்டு இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பேசுவது கருத்துத் திருட்டைப் பற்றித்தான். 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, 40 வரை ஒரு நிலை, 60 வரை இன்னொன்று, அதற்கு மேல் கடைசி நிலை. மென்பொருள் அறிக்கையில் எட்டு சதவீதம் வந்தால் 'பதிப்புரிமை கிளியர்' என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது பதிலில் வந்த பத்தோடும் இந்தப் பத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

"ஆய்வேடு யாருக்குச் சொந்தம்? கைடுக்கா, யூனிவர்சிட்டிக்கா?"

எழுதிய மாணவருக்கு. நெறியாளர் தலைப்பு கொடுத்தார், திருத்தினார் என்பதால் அவர் அதை எழுதியவர் ஆகிவிட மாட்டார். மேலே சொன்னபடி கருத்துக்கு உரிமை இல்லை. ஆய்வேடுகளுக்கான தேசிய இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றச் சம்மதக் கடிதம் கொடுப்பதாலும் உரிமை கைமாறுவதில்லை. சேரும்போது கையெழுத்திட்ட படிவத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் பாடக்குறிப்பு, என் வீடியோ லெக்சர், இதெல்லாம் காலேஜ் சொத்தா?"

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. வேலை ஒப்பந்தத்தின் கீழ் பணியின் போக்கில் உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை. 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆசிரியருக்கென்று தனி விலக்கு அதில் இல்லை. கல்லூரி கேட்டு, கல்லூரி ஸ்டுடியோவில் எடுத்த காணொளியில் நிர்வாகத்தின் கை ஓங்கியிருக்கும். விடுமுறையில் உட்கார்ந்து எழுதிய நூல் உங்களுடையது. இடைப்பட்டவைதான் சண்டைக்கு உரியவை. நியமன ஆணையையும் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும், ராஜினாமா எழுதும் நாளில் அல்ல, இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். பொதுமேடையில் நீங்கள் ஆற்றும் உரைக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான்.

"என் கட்டுரையை என் மாணவனுக்கே அனுப்பக் கூடாதாம். இது என்ன நியாயம்?"

உரிமையை எழுதிக் கொடுத்தது நீங்கள். ஏற்பு மின்னஞ்சலோடு வந்த படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இருந்தாலும் உங்கள் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்க இன்னமும் கற்பித்தல் விலக்கு இருக்கிறது. பல இதழ்கள் அச்சுக்கு முந்தைய கைப்படியைத் தளத்தில் வைக்க விடுகின்றன; வடிவமைத்த பிடிஎஃப்-ஐத்தான் தடுக்கின்றன. அடுத்த முறை உரிமை மாற்றத்துக்குப் பதில் உரிமம் மட்டும் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கட்டுரைத் தொகுப்பு போடும் உள்ளூர்ப் பதிப்பகம் நீட்டும் ஒற்றைத் தாளில் காலமும் எல்லையும் எழுதப்படவில்லை என்றால், சட்டப்படி அது ஐந்து ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

"சை-ஹப்பில் எடுத்தால் ஆராய்ச்சிக்குத்தானே?"

நீங்கள் படிக்க ஒரு கட்டுரையின் நகல் வைத்திருப்பது நியாயமான கையாளல் என்று வாதாட இடமுண்டு. ஆனால் கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் அந்தத் தளத்தை நடத்துவதற்கு அந்த வாதம் உதவாது. எல்சிவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன் மீது வழக்குத் தொடர்ந்தன. 2025-இல் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. தனியார் கல்லூரி என்றால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும்.

"மாட்டினால் ஜெயிலா?"

தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 63-ஆம் பிரிவு. இது பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலில் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் ஆசிரியருக்கு வருவது வக்கீல் நோட்டீஸ்தான். பயந்துபோய் மன்னிப்புக் கடிதம் எழுதிவிடாமல், முதல்வரிடமும் நூலகரிடமும் காட்டுங்கள்.

"மறைந்த எங்கள் பேராசிரியரின் வகுப்புக் குறிப்புகளை மாணவர்கள் சேர்ந்து நூலாக்கலாமா?"

நல்ல எண்ணம், ஆனால் முடிச்சுகள் அதிகம். அவர் கைப்பட எழுதிய குறிப்பு என்றால் உரிமை வாரிசுகளுக்கு. ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கல்லூரியும் 17-ஆம் பிரிவைக் காட்டி உரிமை கேட்கலாம் என்பதால் அங்கிருந்தும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். மாணவர் நோட்டில் உள்ளது என்றாலும் அது பேராசிரியருடைய பேச்சின் பதிவுதான். எழுதி எடுத்ததாலேயே மாணவருடையது ஆகிவிடாது. பேராசிரியர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு அறுபதாண்டுக் கணக்கு இறந்த ஆண்டிலிருந்து இல்லை, முதன்முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். ஆகவே இன்று நீங்கள் அச்சிட்டால் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அந்நூலின் உரிமை யாரிடம், ராயல்டி யாருக்கு என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.